இருபது லிட்டர் கேனும் 98 சதவீத ஆக்சிஜனும்: நமக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நான்கு நாள் ஓடவில்லை. சொல்லி வைத்தாற்போல், தண்ணீர் கேன் போடும் தம்பியும் அதே வாரம் ஊருக்குப் போய்விட்டார். வாட்ச்மேன் அறை வாசலில் இருந்த இருபது லிட்டர் கேனை நானே தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தடவை இறக்கி வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடி தூக்கினேன். வீட்டுக்குள் வந்து கேனை வைத்தபோது வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் பயந்துபோய், கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த ஆக்சிமீட்டரை எடுத்து வந்து என் விரலில் மாட்டினாள். நாடித்துடிப்பு 141. ஆக்சிஜன் 98.

“ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு. அப்புறம் எதுக்குப்பா இப்படி இளைக்குது?”

நல்ல கேள்வி. இளைப்பு என்றால் உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றுதான் பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் நினைத்திருந்தேன். அந்த 98 அதற்கு ஒத்துவரவில்லை. அவளுடைய உயிரியல் புத்தகத்தில் ஆரம்பித்து, அப்புறம் நான் தேடிப் படித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

துருத்தி

நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. அது பஞ்சு மாதிரி; விட்டால் சுருங்கத்தான் பார்க்கும். அதை விரிக்கிற வேலை, சுற்றியிருக்கும் கூட்டினுடையது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போலக் கவிந்திருக்கும் தசைத் தகட்டை உதரவிதானம் என்கிறோம். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்குகிறது. அதே நேரம் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்கூட்டை மேலேயும் வெளியேயும் தூக்குகின்றன. நெஞ்சுக்குள் இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானாக உள்ளே பாய்கிறது.

காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரிவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். பலூனில் காற்றை ஊதினால் பலூன் பெருக்கும். கொல்லன் பட்டறைத் துருத்தியை விரித்தால் காற்று வந்து நிறையும். நம் நெஞ்சு துருத்தி ரகம். இதற்கு வேண்டிய அழுத்த வித்தியாசமும் ரொம்பச் சின்னது. ஸ்ட்ரா போட்டு இளநீரை உறிஞ்சுவதற்குக் கொடுக்கும் இழுப்பில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அமைதியான ஒரு மூச்சுக்குப் போதும்.

தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுக்குள் காற்று போவதில்லை. மேலே இருக்கும் குடை தட்டையாகும்போது குடலும் ஈரலும் முன்னால் தள்ளப்படுகின்றன, அவ்வளவுதான்.

வெளிமூச்சு சுலபம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதற்கு ஒரு தசையும் உழைக்க வேண்டாம். இழுத்துப் பிடித்த ரப்பரை விட்டதுபோல நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும். ஓடும்போதுதான் கதை மாறுகிறது. அடுத்த மூச்சுக்கு அவசரம் என்பதால், தானாகச் சுருங்கட்டும் என்று காத்திருக்க முடியாது. வயிற்றுத் தசைகள் இறுகி, உதரவிதானத்தைக் கீழிருந்து மேலே உந்துகின்றன. கேன் தூக்கிய மறுநாள் எனக்கு வயிறு வலித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தொப்பைக்கு உள்ளேயும் தசை இருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு சின்ன மகிழ்ச்சி.

பால் பாக்கெட் கணக்கு

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்று சுமார் 500 மி.லி. அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு என்று வைத்தால், ஆறேழு லிட்டர். மூன்று நிமிடத்துக்கு ஒரு தண்ணீர் கேன். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் லிட்டர் பக்கம் வரும். ஒரு தண்ணீர் லாரி நிறைய.

நல்ல ஆரோக்கியமான ஒருவர் உயிரைக் கொடுத்து ஓடும்போது மூச்சுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர், நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது மூச்சு என்று எகிறி, நிமிடத்துக்கு 100 லிட்டரைத் தாண்டிவிடும். அதாவது நிமிடத்துக்கு ஐந்து கேன். படகுப் போட்டி வீரர்களில் 200 லிட்டரைத் தொடுகிறவர்கள்கூட உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் இவை வெறும் வழி. அங்கே நிற்கும் காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இந்த வழியின் கொள்ளளவு சுமார் 150 மி.லி. அரை லிட்டர் இழுத்தால் 350 மி.லி.தான் வேலைக்கு ஆகும். மீதி வழியிலேயே நின்று அப்படியே திரும்பிவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு, மூச்சுக்கு 500 மி.லி. என்றால் மொத்தம் 6 லிட்டர், அதில் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 24 குட்டி மூச்சாக, 250 மி.லி. வீதம் இழுத்தால்? ஒவ்வொன்றிலும் 100 மி.லி.தான் தேறும். ஆக 2.4 லிட்டர். உழைப்பு அதிகம், வரவு பாதி. மகள் இதைக் கேட்டுவிட்டு, “பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ட்டு பஸ் ஏறாம திரும்பி வர்ற மாதிரி” என்றாள். அதேதான். அதனால்தான் வேலை கூடும்போது உடம்பு முதலில் மூச்சின் ஆழத்தைக் கூட்டுகிறது. வேகத்தை முக்கியமாகக் கூட்டுவது அதற்கப்புறம்தான்.

சரி, உள்ளே போன காற்று எங்கே சேர்கிறது? மூச்சுக்குழாய் இரண்டாகி, நான்காகி, இருபதுக்கும் மேற்பட்ட தடவை கிளை பிரிந்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. திராட்சைக் கொத்து போன்ற இந்த நுண்ணறைகள் பல கோடி. எல்லாவற்றையும் பிரித்து விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு பேட்மிண்டன் ஆடுகளம் அளவு பரப்பு வரும். ஒவ்வொன்றின் மேலும் தந்துகிகள் என்கிற மயிரிழை ரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள திரையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் வழியாக ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகிறது, கார்பன் டை ஆக்சைடு காற்றுக்கு வருகிறது. பம்ப் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்குப் பரவுவதுதான். உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே விடுவதில் 16 சதவீதம் பக்கம். அதாவது இழுத்த ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறோம். வாயோடு வாய் வைத்து ஊதும் முதலுதவி பலிப்பதும் இதனால்தான்.

மகள் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுண்ணறையைச் சுற்றிய தந்துகியைக் கடக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது ஆக்சிஜனை முழுவதுமாக ஏற்றிக்கொள்ளக் கால் விநாடி போதும். மீதி நேரம் சும்மா நிற்கிறது. கேனைத் தூக்கும்போது இதயம் வேகமெடுத்து, ரத்தம் விரட்டப்பட்டு, அந்த முக்கால் விநாடி பாதியாகக் குறைந்தாலும் சிவப்பணு நிறைந்துதான் போகும். ஆகவே இளைக்க இளைக்கப் பார்த்தாலும் ஆக்சிமீட்டர் 97, 98 காட்டும். ஒரு வேடிக்கை: உலகத் தரத்து நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் சிலருக்கு உச்ச வேகத்தில் இந்த எண் 90 பக்கம் இறங்குவதுண்டு. அவர்கள் இதயம் அவ்வளவு வேகமாக ரத்தத்தைத் தள்ளுகிறது, நுரையீரலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. எனக்கு அந்தக் கவலை இல்லை.

அப்படியானால் இளைப்பு எதற்கு?

தசை வேலை செய்யும்போது சர்க்கரையும் கொழுப்பும் எரிகின்றன. எரிந்தால் கழிவு வரும். அந்தக் கழிவு கார்பன் டை ஆக்சைடு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 200 மி.லி. போல உண்டாகும். கேனோடு படியேறும்போது அது எட்டு, பத்து மடங்காகும். அதை வெளியேற்ற வேறு பெரிய வழி எதுவும் இல்லை, மூச்சுதான். நடுவில் ஒரு செய்தி: உடம்பு மெலிந்தால் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் வியர்வை, வெப்பம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர் என்று 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சு விட்டால் மெலிய முடியாது. முதலில் எரிய வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் என்ன ஆகும் என்பது கோலி சோடா குடித்தவர்களுக்குத் தெரியும். நாக்கில் சுருக்கென்று ஏறும் அந்தச் சுவை அமிலத்தினுடையது. ரத்தத்திலும் அதே வேதியியல்தான்: கார்பன் டை ஆக்சைடு கூடினால் ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். ரத்தத்தில் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே இருந்தாக வேண்டும். இந்த விஷயத்தில் உடம்பு துளியும் விட்டுக்கொடுக்காது. மூளையின் அடியில் முகுளம் என்ற பகுதியில்தான் மூச்சின் தாளத்தைப் போடும் நரம்புகள் இருக்கின்றன. அதன் அருகிலேயே இந்த அமிலத்தன்மையை மோப்பம் பிடிக்கும் உணரிகளும் இருக்கின்றன. கொஞ்சம் ஏறினாலும் ‘வேகமாக, ஆழமாக’ என்று உத்தரவு போய்விடும்.

இதை அழுத்தமாக நிறுவியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியங்கியலாளர். மற்றவர்களை விடத் தன்னையே அதிகம் சோதித்துக்கொண்ட மனிதர். 1890-களில் காற்றுப்புகாத ஒரு மரப்பெட்டிக்குள் அடைந்து உட்கார்ந்து, தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். பெட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு மூன்று, நான்கு சதவீதம் ஆனதும் இளைக்க ஆரம்பித்தது. அந்த வாயுவை மட்டும் ரசாயனத்தால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, ஆக்சிஜன் அதே அளவு குறைந்தும் இளைப்பு வரவில்லை. பின்னர் 1905-இல் பிரீஸ்ட்லி என்பவரோடு சேர்ந்து, நுண்ணறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.2 சதவீதம் கூடினாலே நுண்ணறைகளுக்குள் போய்வரும் காற்று இரட்டிப்பாகிறது என்று காட்டினார்.

ஆக்சிஜனைக் கண்காணிக்க ஆளே இல்லையா? இருக்கிறது. கழுத்தின் இரு பக்கமும், தலைக்குப் போகும் பெரிய தமனி கிளை பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு. அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் ஹேமான்ஸ் 1938-க்கான நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஆக்சிஜன் நன்றாக இறங்கி, ஆக்சிமீட்டர் 90-ஐ நெருங்கும்போதுதான் அது பலமாகக் குரல் கொடுக்கும். லே, லடாக் போனவர்களுக்கு அதன் குரல் கேட்டிருக்கும். என் மூன்றாவது மாடியில் அதற்கு வேலை ரொம்பக் குறைவு.

கபடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாடிப்போகிறவர் ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு என்பது வெளிமூச்சு, ஆகவே நடுவில் உள்ளே இழுக்க முடியாது. இப்போதைய விதிப்படி ஒரு பாடலுக்கு 30 விநாடி. கோட்டைத் தாண்டும் முன் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முப்பது விநாடி மூச்சை அடக்குவது பலருக்குப் பெரிய விஷயமில்லை. அங்கே குனிந்து, பாய்ந்து, ஆறு பேரின் பிடியிலிருந்து திமிறும்போது தசைகள் கார்பன் டை ஆக்சைடைக் கொட்டுகின்றன. வெளியே போக வேண்டியது போகாமல் ரத்தத்தில் ஏறுகிறது. முப்பது விநாடிக்குள்ளேயே முகுளம் கெஞ்சலை விட்டு மிரட்டலுக்கு வந்துவிடும். பாட்டு உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

இதன் ஆபத்தான மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊர்க் கிணற்றில் அடிமண்ணை யார் எடுத்து வருவது என்று பையன்கள் போட்டி போடுவார்கள். குதிக்கும் முன் புஸ் புஸ் என்று இருபது, முப்பது தடவை வேகமாக மூச்சு விட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒரு ‘ரகசியம்’ உண்டு. நேரம் நீளும் என்பது உண்மை. ஆனால் ஏற்கனவே 98-இல் இருக்கும் ஆக்சிஜன் அதனால் கூடப்போவதில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் கரைந்துபோகிறது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குவது போலத்தான் அது. மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியிலேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த ஒன்றை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

முதல் படியிலிருந்து மூன்றாவது மாடி வரை

இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்ப படி ஏற ஏற ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அதனால மூச்சு கூடும். கரெக்டாப்பா?” என்றாள் மகள்.

பாதி சரி. நிதானமான உழைப்பின்போது தமனி ரத்தத்தைச் சோதித்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதே இல்லை. உண்டாகும் அளவுக்குச் சரியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. குப்பை சேர்ந்து நாறிய பிறகு லாரி வருவது ஒரு விதம். சேரும் முன்பே லாரி வந்து நிற்பது இன்னொரு விதம். உடம்பு இரண்டாவதைச் செய்கிறது. எப்படி?

முதல் படியில் கால் வைத்த கணத்திலேயே, ஒரு மூச்சுக்குள், சுவாசம் சட்டென்று ஒரு கட்டம் ஏறுகிறது. டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோகும் லிண்ட்ஹார்டும் 1913-இல் சைக்கிள் மிதிக்க வைத்து இதைப் பதிவு செய்தார்கள். கால் தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து மூளையை எட்ட அவ்வளவு குறைந்த நேரம் போதாது. ஆக, செய்தி நரம்பு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். மூளை, காலுக்கு ‘நட’ என்று உத்தரவு போடும்போதே முகுளத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறது. அதோடு கால் மூட்டுகளும் தசைகளும் ‘அசைகிறோம்’ என்று தகவல் தருகின்றன. ஓட்டப்பந்தயக் கோட்டில் விசிலுக்குக் காத்திருக்கும்போதே மூச்சு கூடுவதும் இந்த முன்னேற்பாட்டில் சேர்ந்ததுதான்.

அதன்பிறகு இரண்டு, மூன்று நிமிடம் மெதுவாக ஏறி, வேலைக்குத் தக்க ஒரு மட்டத்தில் நிலைக்கிறது. கூடக் குறையத் திருத்துவது அந்த அமில மோப்பக்காரர்களின் பொறுப்பு. காலையில் பூங்காவில் நடப்பவர்கள் இந்த மட்டத்தில்தான் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் இப்படியே போகலாம்.

கேன் தூக்கியவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உழைப்பு ஓர் எல்லையைத் தாண்டும்போது தசைகள் ஆக்சிஜனை வைத்து மட்டும் தேவையான சக்தியை எடுக்க முடியாமல், சர்க்கரையை அவசர வழியில் உடைக்கின்றன. அப்படி உடைக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருளும் கூடவே அமிலமும் ரத்தத்தில் ஏறுகின்றன. ரத்தத்தில் அமிலத்தை முறிக்க பைகார்பனேட் இருக்கிறது. நம் அடுப்படி ஆப்பசோடாவில் இருப்பதும் அதுதான். ஆப்பசோடாவில் எலுமிச்சை பிழிந்தால் புஸ்ஸென்று நுரைக்கிறதே, அந்தக் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு. ரத்தத்திலும் அமிலத்தை முறித்த கையோடு கூடுதலாக கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. எரிந்ததால் வந்தது ஒரு பங்கு, அமிலத்தை முறித்ததால் வந்தது இன்னொரு பங்கு. அமிலமே நேராகவும் மூச்சைத் தூண்டும். இந்த இடத்தில் மூச்சு, வேலையின் அளவை மீறித் தாறுமாறாக எகிறுகிறது. எனக்கு அது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நடந்தது.

இந்த எல்லையை அறிய ஆய்வகம் வேண்டாம், வாய் போதும். நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடுமையான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று சொல்வது முதல் வகையை. இரண்டாவது வகை என்றால் 75 நிமிடமே போதும். கையில் கட்டும் எந்தக் கடிகாரத்தையும் விட இந்தப் பேச்சுக் கணக்கை நான் நம்புகிறேன். சார்ஜ் போட வேண்டியதில்லை.

கேனை இறக்கி வைத்த பிறகும் ஐந்து நிமிடம் ஏன் இளைத்தது? ஏறத் தொடங்கிய முதல் நிமிடத்தில் இதயமும் நுரையீரலும் வேகம் பிடிக்கும் முன், தசைகள் தங்களிடம் இருந்த சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தன. அது கைமாற்று மாதிரி, திருப்பி அடைக்க வேண்டும். 1920-களில் ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதற்கு ‘ஆக்சிஜன் கடன்’ என்றே பெயர் வைத்தார். வாங்கியதை விடத் திருப்பித் தருவது அதிகம் என்பதும் தெரியவந்தது. வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்: சூடேறிய உடம்பு, இன்னும் அடங்காத இதயம், உழைத்துக் களைத்த மூச்சுத் தசைகள் எல்லாம் ஆக்சிஜன் கேட்கின்றன. கடும் உழைப்பில் உடம்பு எடுக்கும் ஆக்சிஜனில் பத்து சதவீதம் போல மூச்சு விடும் வேலைக்கே செலவாகிறது.

அப்போது முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நிற்பதை எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். “நிமிர்ந்து நில்லுடா” என்று விசில் அடிப்பார். அவர் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் குனிந்து நின்ற நாங்கள்தான் சரி. கை ஊன்றியதும் தோள் அசையாமல் நிலைக்கிறது. அதனால் கழுத்து, மார்புத் தசைகள் விலாவைத் தூக்க உதவிக்கு வர முடிகிறது. மூக்கால்தான் விட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் இந்த நேரத்தில் வேண்டாம். மூக்கு காற்றை வடிகட்டும், சூடாக்கும், ஈரமாக்கும், எல்லாம் நல்லதுதான். ஆனால் வழி குறுகல். நிமிடத்துக்கு 35, 40 லிட்டர் தாண்டும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும், திறக்கட்டும்.

தினமும் ஓடினால் நுரையீரல் பெரிதாகுமா? வளர்ந்தவர்களுக்கு அநேகமாக இல்லை. நுரையீரலில் ஏற்கனவே தாராளமாக இடம் இருக்கிறது. சும்மா இருப்பதற்கும் முழு ஓட்டத்துக்கும் நடுவே காற்றோட்டம் பதினைந்து மடங்குக்கு மேல் கூட முடியும். ஆனால் சாதாரண ஆளின் இதயம் தள்ளும் ரத்தம் நிமிடத்துக்கு 5 லிட்டரிலிருந்து 20 லிட்டர் வரைதான், நான்கு மடங்கு. நெரிசல் இதயத்தில்தான். பயிற்சியால் மாறுவதும் பெரும்பாலும் அதுவும் தசைகளும்: இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளும், தசையில் தந்துகிகள் பெருகும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடும். அமிலம் ஏறும் எல்லை தள்ளிப்போகும். அதே மூன்று மாடிக்குக் குறைவாக இளைக்கும்.

ஆக்சிமீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது, ஓடுகிற பஸ்களில் எத்தனை சதவீத சீட் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று சொல்லாது. ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் என்ற பஸ்ஸே குறைவு. இருக்கிற பஸ் எல்லாம் நிரம்பியிருப்பதால் எண் 98 என்றே காட்டும், ஆனால் ஒரு மாடி ஏறினாலே இளைக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டில் அம்மாவோ மனைவியோ “முன்ன மாதிரி படி ஏற முடியலை” என்றால் வயசாகிவிட்டது என்று சிரித்துத் தள்ளாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, படுத்தால் மூச்சு முட்டுவது, இளைப்போடு நெஞ்சு இறுக்கம், கால் வீக்கம், விசில் போன்ற சத்தம் இவை இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராதவை. மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

லிஃப்ட் இப்போது ஓடுகிறது. கேன் தம்பியும் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். ஆனால் அவர் படியில்தான் வருகிறார். கேன் கசிந்து லிஃப்ட் ஈரமாகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் யாரோ சொல்லி, அவருக்கு மட்டும் லிஃப்ட் தடை. போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஒரு தோளில் கேன், மறு கையில் போன். அடுத்த தெருவில் யாருக்கோ எத்தனை கேன் பாக்கி என்று சண்டை போட்டுக்கொண்டே ஏறி வந்தார். ஒரு வாக்கியம்கூட நடுவில் உடையவில்லை.

“தம்பி, ஒரு நிமிஷம் விரலைக் கொடுங்க” என்றேன். மகள் ஆக்சிமீட்டரோடு தயாராக நின்றிருந்தாள்.

“எதுக்கு சார், திரும்ப கொரோனாவா?” என்று சிரித்தபடி விரலை நீட்டினார்.

ஆக்சிஜன் 98. எனக்கு வந்த அதே எண். நாடித்துடிப்பு 102.

காலி கேனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான்காவது மாடிக்காரர் சங்கத் தலைவர். அந்தத் தடை பற்றி இந்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.